சோழி மல்லாந்து விழ எவ்வளவு வாய்ப்பு? எண்ணிப் பார்த்து நிகழ்தகவை மதிப்பிடும் முறை

ஒரு நாணயத்தைச் சுண்டினால் தலை விழ எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால், யாரும் யோசிக்காமல் பாதி என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு பக்கம், இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஆகவே பாதிக்குப் பாதி. பகடைக்கு ஆறு முகம், ஆகவே ஆறில் ஒன்று. இந்தக் கணக்குக்கு எதையும் உருட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பொருளின் வடிவமே விடையைத் தந்துவிடுகிறது.

அதே கேள்வியைத் தாயம் விளையாடும் சோழியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சோழியும் இரண்டே விதமாகத்தான் விழும். பிளந்த வாய் மேலே பார்த்தால் மல்லாந்தது, வழவழப்பான முதுகு மேலே தெரிந்தால் கவிழ்ந்தது. இரண்டே விதம் என்பதற்காகப் பாதிக்குப் பாதி என்று சொல்லிவிட முடியாது. முதுகு உருண்டை, வாய்ப்பக்கம் ஓரளவு தட்டை, எடையும் எல்லாப் பக்கமும் சமமாக இல்லை. ஒரு பக்கத்தைத் தரையில் உரசி வெள்ளையாக்கிய புளியங்கொட்டைக்கும் இதே நிலைதான். உரசிய பக்கம் தட்டையாகிவிடுவதால் இரண்டு பக்கமும் இனிச் சமம் இல்லை. இப்படிப்பட்ட பொருளுக்கு நிகழ்தகவு என்னவென்று உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டுச் சொல்ல வழியில்லை. திரும்பத் திரும்பப் போட்டு எண்ணித்தான் ஆக வேண்டும்.

எண்ணும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மொத்தம் எத்தனை முறை போட்டோம் என்று எண்ணுகிறோம். அதில் எத்தனை முறை மல்லாந்து விழுந்தது என்றும் எண்ணுகிறோம். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் வருவது மல்லாந்து விழும் நிகழ்தகவின் மதிப்பீடு. பள்ளிப் பாடத்தில் இதைப் பட்டறி நிகழ்தகவு என்பார்கள். வகுத்தல் ஒரு வரியில் முடிந்துவிடும். எண்ணத் தொடங்கும் முன் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாட்டிலும், கிடைத்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதிலும்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டைப் பற்றியது.

போடுவதற்கு முன்

எது நடந்தால் ‘நடந்தது’ என்று எண்ணுவோம் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘வாய் மேலே தெரிந்தால் மல்லாந்தது’ என்பது மட்டும் போதாது. சோழி சுவரில் சாய்ந்து நின்றால்? பாய்க்கு வெளியே உருண்டு போனால்? தரை விரிசலில் சிக்கி ஒருக்களித்து நின்றால்? இவற்றைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி போடுவது நல்ல விதி. ஆனால் அந்த விதியைச் சோழி சாய்ந்து நிற்பதைப் பார்த்த பிறகு உண்டாக்கக் கூடாது. முடிவைப் பார்த்துவிட்டு விதி வகுத்தால், நமக்குப் பிடிக்காத வீச்சுகள் மட்டும் ‘செல்லாது’ ஆகிவிடும். ஏமாற்ற நினைக்காதவருக்கும் இது நடக்கும்.

அடுத்தது போடும் விதம். சோழியை இரண்டு கைகளுக்குள் பொத்தி ஐந்தாறு முறை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் உயரத்திலிருந்து விடுங்கள். டம்ளரில் போட்டுக் குலுக்கிக் கவிழ்த்தால் இன்னும் நல்லது, கையின் பழக்கம் குறுக்கே வராது. குலுக்குவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சைச் சாராததாக இருக்க வேண்டும். கீழே கிடக்கும் சோழியை எடுத்து அப்படியே இரண்டு அங்குல உயரத்திலிருந்து நழுவவிட்டால், அது பழைய நிலையிலேயே விழ வாய்ப்பு அதிகம். அப்போது நாம் எண்ணுவது சோழியின் குணத்தை அல்ல, எடுத்து விடும் கையின் பழக்கத்தை.

தரையும் முக்கியம். சிமெண்ட் தரையில் சோழி துள்ளிப் புரளும், பாயில் விழுந்த இடத்திலேயே அமர்ந்துவிடும். இரண்டிலும் விகிதம் ஒன்றாகவே இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே ஒரே சோழி, ஒரே தரை, ஒரே உயரம். பாதியில் எதையாவது மாற்ற நேர்ந்தால் அந்த இடத்தில் கோடு போட்டுப் புதிய கணக்காகத் தொடங்குங்கள்.

பதிவு செய்யும்போது நேர்க்கோட்டுக் குறி போட்டு மொத்தம் மட்டும் எடுப்பது வழக்கம். அதைவிட, மல்லாந்தால் 1, கவிழ்ந்தால் 0 என்று வரிசையாக எழுதுவது மேல். ஒரு வரிக்குப் பத்து எண், பத்து வரி முடிந்தால் நூறு. வரிசை கையில் இருந்தால் முதல் நூறும் கடைசி நூறும் ஒத்துப்போகிறதா என்று பிறகு சரிபார்க்கலாம். மொத்தம் மட்டும் இருந்தால் அந்த வசதி போய்விடும். முடிந்தால் ஒருவர் போட, இன்னொருவர் எழுதட்டும்.

எத்தனை முறை போடப் போகிறோம் என்பதையும் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இதைச் சொல்வதற்கான காரணம் கொஞ்சம் பெரியது, பின்னால் வருகிறது.

விகிதம் எப்படி நிலைக்கு வருகிறது

விளக்கத்துக்காக ஒரு சோழியை 400 முறை போட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் 10 வீச்சில் 7 முறை மல்லாந்தது. 50 வீச்சு முடிந்தபோது 29, 100 முடிந்தபோது 61, 200 முடிந்தபோது 118, 400 முடிந்தபோது 242. விகிதங்களாக எழுதினால் 0.70, 0.58, 0.61, 0.59, 0.605. தொடக்கத்தில் அங்கும் இங்கும் தாவுகிறது, போகப் போக ஆட்டம் குறைந்து 0.6-ஐ ஒட்டி நிற்கிறது.

இந்த ஆட்டம் அடங்குவதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையான ஒரு சோதனையை வைத்து அதைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த ஜான் கெரிச், 1940 ஏப்ரலில் டென்மார்க்கில் இருந்தபோது ஜெர்மனி அந்நாட்டுக்குள் படையோடு புகுந்தது. போர் முடியும்வரை தடுப்பு முகாமில் இருந்த அவர், அங்கே சக கைதி ஒருவரோடு சேர்ந்து ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிப் பதிவு செய்தார். தலை விழுந்த எண்ணிக்கை இப்படிப் போகிறது:

10 சுண்டலில் 4 (பாதியைவிட 1 குறைவு)
100 சுண்டலில் 44 (6 குறைவு)
1,000 சுண்டலில் 502 (2 அதிகம்)
2,000 சுண்டலில் 1,013 (13 அதிகம்)
5,000 சுண்டலில் 2,533 (33 அதிகம்)
10,000 சுண்டலில் 5,067 (67 அதிகம்)

அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கவனியுங்கள். எண்ணிக்கை கூடக் கூட, சரிபாதியிலிருந்து விலகும் அளவு 2, 13, 33, 67 என்று வளர்கிறது. சதவீதமோ 40, 44, 50.2 என்று வந்து, கடைசியில் 50.67 ஆக நிற்கிறது. ‘நிறையச் சுண்டினால் தலையும் பூவும் சமமாகிவிடும்’ என்று சொல்வது இதனால்தான் தவறு. எண்ணிக்கைகள் சமமாவதில்லை. வித்தியாசம் வளர்ந்தாலும், அதை வகுக்கும் மொத்தம் அதைவிட வேகமாக வளர்ந்துவிடுகிறது. சோழி ஐந்து முறை தொடர்ந்து கவிழ்ந்தால் ஆறாவது முறை மல்லாந்துதான் தீரும் என்று பந்தயம் கட்டுபவர் கோட்டைவிடுவதும் இதே இடத்தில். பழைய ஐந்து வீச்சை ஈடுகட்டச் சோழிக்கு நினைவு கிடையாது. அந்த ஐந்தும் பிறகு வரும் ஆயிரத்தில் கரைந்து போகின்றன.

வித்தியாசம் எவ்வளவு வேகமாக வளரும்? மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி. நாணயத்தை 100 முறை சுண்டினால் தலையின் எண்ணிக்கை 50-லிருந்து 5 அளவுக்கு விலகுவது சாதாரணம். 10,000 முறை சுண்டினால் 5,000-லிருந்து 50 அளவுக்கு விலகுவது சாதாரணம். முதலாவது 100-க்கு 5, அதாவது 5 சதவீதம். இரண்டாவது 10,000-க்கு 50, அதாவது அரை சதவீதம். கெரிச்சுக்கு வந்த 67 இந்தக் கணக்கில் வியப்பே இல்லை.

எத்தனை முறை போட்டால் போதும்

மேலே சொன்ன சாதாரண விலகலைப் பாதுகாப்புக்காக இரட்டித்துக்கொண்டால் கைக்கு எளிதான ஒரு கணக்கு கிடைக்கிறது. 1-ஐ மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். உங்கள் மதிப்பீடு உண்மையிலிருந்து இருபுறமும் அந்த அளவுக்குத் தள்ளி இருக்கலாம்.

25 முறை போட்டால் ±20 சதவீதம். 100 முறைக்கு ±10, 400 முறைக்கு ±5, 1,600 முறைக்கு ±2.5, 10,000 முறைக்கு ±1. பிழையைப் பாதியாக்க வேண்டுமென்றால் உழைப்பு நான்கு மடங்காக வேண்டும். இது மாற்ற முடியாத விலை. ஒரு சதவீதத் துல்லியம் வேண்டும் என்று ஆசைப்படுபவர் 10,000 வீச்சுக்குத் தயாராக வேண்டும். 50 வீச்சோடு எழுந்துவிடுபவர் 58.0 சதவீதம் என்று தசமப் புள்ளி வைத்து எழுதுவதில் பொருளில்லை.

இன்னும் துல்லியமான கணக்கு வேண்டுமானால், கிடைத்த விகிதத்தையும், 1-லிருந்து அந்த விகிதத்தைக் கழித்தால் வருவதையும் பெருக்குங்கள். மொத்த எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2-ஆல் பெருக்குங்கள். நம் சோழிக்கு 0.605 × 0.395 = 0.239. அதை 400-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.0244. இரட்டித்தால் 0.049. ஆகவே உண்மையான நிகழ்தகவு 0.556-க்கும் 0.654-க்கும் இடையில் இருக்கலாம். 0.5 இந்த எல்லைக்குள் வரவில்லை, எனவே இந்தச் சோழி பாதிக்குப் பாதி விழுவதல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். அதே சோழியின் முதல் 50 வீச்சை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எல்லை 0.44-லிருந்து 0.72 வரை போகும். 0.5 அதற்குள்ளேயே இருக்கிறது, அப்போது எதுவும் சொல்ல முடியாது. விகிதம் பாதியை ஒட்டி இருக்கும்போது சுருக்குவழியும் இந்தக் கணக்கும் ஒன்றுபோல் விடை தரும். 95 சதவீதம் போல ஓரத்துக்குப் போனால் உண்மையான பிழை சுருக்குவழி சொல்வதைவிடக் குறைவு.

இந்த எல்லைகள் சத்தியம் அல்ல. நூறு பேர் ஒரே சோழியை இதே முறையில் 400 தடவை போட்டு ஆளுக்கொரு எல்லை கணக்கிட்டால், சுமார் 95 பேருடைய எல்லைக்குள் உண்மை அகப்படும், மீதிச் சிலருக்கு அகப்படாது. நாம் எந்தப் பக்கம் என்று நமக்குத் தெரியாது.

எண்ணிக்கை கூடக் கூட விகிதம் உண்மையை நெருங்கும் என்பதை முதன்முதலில் கணிதமாக நிறுவியவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரைச் சேர்ந்த யாக்கோபு பெர்னூலி. 1705-இல் இறந்தார், அவருடைய நிரூபணம் 1713-இல்தான் அச்சானது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நம் சோழிக்கு மிக அருகில் இருக்கிறது: உண்மை விகிதம் 30-க்கு 20, அதாவது 0.6. கிடைக்கும் விகிதம் 0.58-க்கும் 0.62-க்கும் இடையில் விழும் என்று தவறினால் ஆயிரத்தில் ஒரு தடவைதான் தவறும் என்ற அளவு உறுதியோடு சொல்ல எத்தனை சோதனை வேண்டும்? அவர் கண்ட விடை 25,550. இன்றைய கணக்கில் சுமார் 6,500 போதும். அவருடைய நிரூபணம் மிகுந்த எச்சரிக்கையோடு எல்லை வகுத்ததால் எண் பெரிதாக வந்தது. ஆனாலும் ‘எத்தனை முறை’ என்ற கேள்விக்கு எண்ணாகவே விடை சொல்ல முடியும் என்று காட்டியது பெரிய சாதனை.

இரண்டு மதிப்பீடுகளை ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். சிமெண்ட் தரையில் 400 வீச்சுக்கு 60.5 சதவீதம், பாயில் 400 வீச்சுக்கு 56 சதவீதம் என்றால் பாயில் குறைகிறது என்று சொல்லத் தோன்றும். ஒவ்வொன்றிலும் ±5 பிழை இருக்கிறது. வித்தியாசத்தின் பிழை அதைப்போல 1.4 மடங்கு, சுமார் 7. நாம் பார்த்த வித்தியாசமோ 4.5 தான்.

நெல் விதையில் இதே கணக்கு

இந்த முறை அன்றாடம் பயன்படும் இடங்களில் விதைப் பரிசோதனை ஒன்று. ஒரு விதைநெல் முளைக்கும் நிகழ்தகவு என்ன என்பதுதான் அங்கே கேள்வி, முளைப்புத்திறன் என்று அதற்குப் பெயர். இந்தியாவில் சான்று விதைக்கு நெல்லில் குறைந்தது 80 சதவீதம் முளைப்புத்திறன் வேண்டும், பயறு உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70. பரிசோதனை நிலையத்தில் 400 விதைகளை எடுத்து, நூறு நூறாக நான்கு பிரிவாக ஈரக் காகிதச் சுருளிலோ மணலிலோ முளைக்க விடுகிறார்கள். நெல்லுக்குக் கடைசி எண்ணிக்கை 14-ஆம் நாள்.

400 என்ற எண் ஏன் என்று இப்போது விளங்கியிருக்கும். 80 சதவீதத்தை ஒட்டிய விதைக்கு 400 விதை வைத்தால் பிழை ±4. நூறு விதை என்றால் ±8. வீட்டில் ஈரத் துணியில் 20 நெல்லை முடிந்து வைத்து 16 முளைத்தால் 80 சதவீதம் என்று மகிழ்பவருக்கு உண்மையில் கிடைத்திருக்கும் தகவல், 62-லிருந்து 98 வரை எங்கேயோ இருக்கிறது என்பதே. மோசமான விதையும் அதற்குள் அடங்கும், மிக நல்ல விதையும் அடங்கும். இருபதுக்குப் பதில் நூறு நெல் வைப்பதற்கு ஒரு கைப்பிடிகூட ஆகாது. அதையாவது செய்ய வேண்டும்.

நான்கு நூறாகப் பிரிப்பது வேறு ஒரு காரணத்துக்கு. நான்கு பிரிவிலும் முளைத்தவை 96, 95, 94, 79 என்று வந்தால் சராசரி 91. விதை நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் சராசரி 91 ஆக இருக்கும்போது தற்செயலால் மட்டும் பிரிவுகளுக்கிடையே 17 வித்தியாசம் வருவது மிக அரிது. நான்காவது சுருளில் ஈரம் காய்ந்திருக்கலாம், பூஞ்சை பிடித்திருக்கலாம், எண்ணியதில் பிழை இருக்கலாம். நிலையங்களில் அனுமதிக்கும் வித்தியாசத்துக்கு அட்டவணையே இருக்கிறது, மீறினால் திரும்பச் செய்வார்கள். சோழியின் 1, 0 வரிசையை நூறு நூறாக வெட்டிப் பார்க்கச் சொன்னதும் இதற்காகத்தான். 61, 57, 64, 60 என்று வந்தால் நிம்மதி. 72, 63, 57, 50 என்று இறங்கிக்கொண்டே வந்தால் கூட்டுத்தொகை அதே 242 தான், ஆனால் போடும் விதம் நடுவில் மாறியிருக்கிறது. அந்த 0.605 எந்த நிலைமைக்கும் உரிய நிகழ்தகவு அல்ல.

எது முளைத்தது என்பதிலும் விதி கறாரானது. முளை எட்டிப் பார்த்தால் போதாது. வேரும் தண்டும் ஒழுங்காக வளர்ந்த இயல்பான நாற்றை மட்டுமே எண்ணுவார்கள். கோணலும் குறையுமாக வந்தவை தனிக் கணக்கு. வீட்டில் எண்ணுபவர்களுக்கு நிலையத்தைவிட அதிகச் சதவீதம் கிடைப்பதற்கு இது ஒரு காரணம்.

விதையை எடுக்கும் இடத்தில்தான் சேதம் அதிகம். சாக்கின் வாயில் கிடப்பதை மட்டும் அள்ளினால் அது சாக்கின் வாய்க்கு உரிய முளைப்புத்திறன். அடிச்சாக்கு ஈரம் குடித்திருக்கலாம். மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் எடுத்துக் கலந்து, கலந்ததிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எண்ணி எடுக்க வேண்டும். நல்ல பருத்த மணியாகக் கை தானாகப் பொறுக்கும், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. 400 விதையையும் இப்படிப் பொறுக்கி எடுத்தால், பொறுக்கிய விதையின் முளைப்புத்திறன்தான் மிகத் துல்லியமாகத் தெரியவரும். எண்ணிக்கையைக் கூட்டினால் தற்செயல் பிழை குறையும். எடுத்த விதத்தில் உள்ள கோணல் அப்படியே இருக்கும். பலர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அறுவடை முடிந்த கையோடு சோதித்தால் விதை உறக்கத்தில் இருக்கும் ரகங்களில் முளைப்பு குறைவாகக் காட்டும். சில வாரம் கழித்து அதே விதை நன்றாக முளைக்கும். நிகழ்தகவு எப்போதும் ஒரு நிலைமையோடு சேர்ந்தே வருகிறது, நிலைமை மாறினால் எண்ணும் மாறும்.

மிகச் சரியாக வந்தால் சந்தேகப்படுங்கள்

எண்ணிக்கையை முன்பே முடிவு செய்யச் சொன்னதற்கு வருவோம். இணைகோடுகள் வரைந்த பலகையில் ஊசியைப் போட்டு, அது கோட்டை வெட்டும் நிகழ்தகவிலிருந்து ‘பை’யின் மதிப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று உண்டு. பிரான்சின் புஃபோன் 18-ஆம் நூற்றாண்டில் சொன்னது. 1901-இல் இத்தாலியின் மரியோ லாசரீனி இதைச் செய்ததாக வெளியிட்ட கணக்கில் 3,408 வீச்சு, 1,808 வெட்டு. ஊசியின் நீளம் கோட்டு இடைவெளியில் ஆறில் ஐந்து. அதிலிருந்து வரும் மதிப்பு 3.1415929, ஆறு தசம இடம் சரி.

இதை நம்ப முடியாது. வெட்டு 1,808-க்குப் பதில் 1,809 ஆக இருந்திருந்தால் விடை 3.1399 ஆகி, இரண்டாவது தசம இடத்திலேயே சறுக்கியிருக்கும். 3,408 வீச்சில் வெட்டுகளின் எண்ணிக்கை 29 அளவுக்கு முன்னே பின்னே போவதுதான் இயல்பு. ஒன்றுகூடப் பிசகாமல் வந்தது அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொண்டாலும், 3,408 என்ற விநோதமான எண்ணில் நிறுத்தியது கேள்வியை எழுப்புகிறது. 355/113 என்ற பின்னம் பைக்கு மிக நெருக்கமானது என்பது பழங்காலத்திலிருந்தே தெரியும். ஊசியின் நீளமும் வீச்சின் எண்ணிக்கையும் அந்தப் பின்னம் விழுவதற்குத் தோதாக அமைந்திருக்கின்றன. வேண்டிய விடை வந்த கணத்தில் நிறுத்தினால் எந்தச் சோதனையையும் எதை வேண்டுமானாலும் சொல்ல வைக்கலாம். விகிதம் ஆடிக்கொண்டே இருப்பதால் ஏதாவது ஒரு நேரத்தில் நமக்குப் பிடித்த எண்ணைத் தொட்டுவிட்டுப் போகும்.

வகுப்பறையிலும் இது நடக்கிறது. மாணவர் நாணயத்தை 20 முறை சுண்டுகிறார், 13 தலை வருகிறது. ஆசிரியர் எதிர்பார்ப்பது 10 என்று நினைத்து, இன்னும் சில முறை சுண்டி 13-க்கு 13 ஆனதும் நோட்டை மூடுகிறார். 20-க்கு 13 வருவதில் எந்தத் தவறும் இல்லை. அதை அப்படியே எழுதும் மாணவருக்குத்தான் முழு மதிப்பெண் தர வேண்டும்.

சமம் என்று நினைத்தவை

ஆறு சோழியை ஒன்றாகப் போட்டால் ஒரு வீச்சுக்கு ஆறு பதிவு கிடைக்கும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கிடைப்பது ஆறு சோழிகளின் சராசரி. ஒன்று 0.7, இன்னொன்று 0.5 என்று இருந்தாலும் அந்த வேறுபாடு மறைந்துவிடும். விளையாட்டுக்குரிய கணக்கு வேண்டுமென்றால் அது போதும். ஒவ்வொரு சோழியைப் பற்றியும் தெரிய வேண்டுமானால் மையால் புள்ளி வைத்துத் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

இங்கிலாந்தின் விலங்கியலாளர் ராஃபேல் வெல்டன் 1894-இல் தெரிவித்த சோதனை இப்படிச் சேர்த்துப் போட்டதுதான்: 12 பகடைகளை 26,306 முறை உருட்டியது. மொத்தம் 3,15,672 பதிவு. 5 அல்லது 6 விழுந்தது 1,06,602 முறை, அதாவது 0.3377. ஆறில் இரண்டு என்றால் 0.3333 வர வேண்டும். வித்தியாசம் ஆயிரத்தில் சுமார் 4.4 தான். ஆனால் மூன்று லட்சம் பதிவுக்கு உரிய பிழை ±0.0017, அதைத் தாண்டி வெகுதூரம் போகிறது. காரணமாகச் சொல்லப்படுவது, பகடையில் புள்ளிகளைக் குழிந்து எடுத்திருப்பது. அதிகக் குழி உள்ள 5, 6 முகங்கள் லேசாகி மேலே நிற்கும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. வடிவத்தைப் பார்த்து ஆறில் ஒன்று என்று சொன்ன கணக்கு எங்கே சறுக்குகிறது என்பதை எண்ணிக்கைதான் காட்டிக்கொடுத்தது.

நாணயமும் தப்பவில்லை. டயகோனிஸ், ஹோம்ஸ், மான்ட்கோமரி என்ற மூவர் 2007-இல், சுண்டும்போது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் விழ வாய்ப்பு சுமார் 51 சதவீதம் என்று இயற்பியல் கணக்கால் சொன்னார்கள். 2023-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ஃப்ரான்டிஷெக் பார்டோஷும் குழுவினரும் 3,50,757 சுண்டல்களை எண்ணி 50.8 சதவீதம் கண்டார்கள். இவ்வளவு சிறிய சாய்வைக் கண்டுபிடிக்க குறைந்தது 15,000-க்கு மேல் சுண்ட வேண்டும் என்பதை நம் சுருக்குவழிக் கணக்கே சொல்லும்.

ஆயிரம் முறை போடுவதற்குப் பதில் கணினியில் போட்டுப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். விகிதம் எப்படி ஆடி அடங்குகிறது என்று பார்க்கக் கணினி அருமையான வழி. ஆனால் கணினியில் சோழி போட வேண்டுமென்றால் 0.6 என்ற எண்ணை நாம்தான் கொடுக்க வேண்டும், அதுவும் அதையேதான் திருப்பித் தரும்.

ஒருமுறைகூட நடக்காவிட்டால்

சோழி ஓரத்தில் செங்குத்தாக நிற்குமா? 100 முறை போட்டு ஒருமுறையும் நிற்கவில்லை என்றால் விகிதம் பூஜ்யம். நிகழ்தகவும் பூஜ்யம் என்று எழுதிவிடலாமா? மேலே சொன்ன பிழைக் கணக்கும் இங்கே பூஜ்யத்தையே தரும், அது வெறும் ஏமாற்று. இந்த இடத்துக்கு வேறு வழி இருக்கிறது. 3-ஐ மொத்த எண்ணிக்கையால் வகுங்கள். 100 முறைக்கு 3 சதவீதம். உண்மையான நிகழ்தகவு இதற்குக் கீழே எங்கேயோ இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

அந்த 3 எங்கிருந்து வந்தது என்று சரிபார்ப்பது எளிது. நிற்கும் நிகழ்தகவு 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு வீச்சில் நிற்காமல் போவது 0.97. நூறு வீச்சிலும் நிற்காமல் போவது 0.97-ஐ நூறு முறை பெருக்கினால் வருவது, 0.048. அதாவது நிற்கும் வாய்ப்பு உண்மையிலேயே 3 சதவீதமாக இருந்தால், நூறிலும் ஒன்றுகூட வராமல் போவது இருபதில் ஒரு தடவைதான் நடக்கும். அதற்கு மேற்பட்ட நிகழ்தகவுக்கு இன்னும் அரிது. 300 முறை போட்டு ஒன்றும் வராவிட்டால் மேல் எல்லை 1 சதவீதமாக இறங்கும்.

குறைந்த வீச்சில் எல்லாம் ஒரே பக்கம் விழுந்தாலும் இதே சிக்கல்தான். 10-க்கு 10 மல்லாந்தால் நிகழ்தகவு 1 என்று எழுத மனம் வராது, வரவும் கூடாது. கணக்குப் போடும் முன் நடந்ததில் 2-ஐயும் மொத்தத்தில் 4-ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். அதாவது இரண்டு மல்லாந்தது, இரண்டு கவிழ்ந்தது என்று கூடுதலாகப் போட்டதாகப் பாவிப்பது. 10-க்கு 10 என்பது 14-க்கு 12, அதாவது 0.857 ஆகிறது. பிழைக் கணக்கையும் இந்தப் புதிய எண்களை வைத்தே போட்டால் கீழ் எல்லை சுமார் 0.67 வருகிறது. பத்தே வீச்சுக்கு இதைவிட உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. வீச்சு அதிகமானால் இந்தக் கூட்டல் தானாகவே மங்கிவிடும். நம் 400-க்கு 242, 404-க்கு 244 ஆனால் 0.605 என்பது 0.604 ஆகிறது, அவ்வளவுதான்.